வேலையும் இல்லை, வக்கீலும் இல்லை: நாமே ஐ.பி. போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் நின்றது, கம்பெனி மூடியது, எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. ஒரு பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு, எடுத்து முடித்த ஏலச்சீட்டின் பாக்கித் தவணை, தெரிந்தவர்களிடம் புரோநோட்டில் வாங்கிய தொகைகள் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. வக்கீல் வைக்கப் பணமில்லாமல் நானே மனு எழுதி சப் கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு போட்டேன், கடனிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜும் வாங்கினேன். அதன் பிறகு வேலை இழந்த பலர் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. நான் வக்கீல் இல்லை. எல்லாம் சட்டத்தைப் படித்தும் கோர்ட் வராந்தாவில் காத்திருந்தும் கற்றுக்கொண்டவை.

ஐ.பி., மஞ்சள் நோட்டீஸ், திவால்: மூன்றும் ஒன்றா?

ஊர்ப் பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு வேறு. ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது "என்னால் கடனை அடைக்க முடியவில்லை, என்னைத் திவாலானவர் என்று அறிவியுங்கள்" என்று கோர்ட்டில் கொடுக்கும் மனு. அதையொட்டிக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் அறிவிப்பைத்தான் மஞ்சள் நோட்டீஸ், மஞ்சள் கடுதாசி என்று சொல்கிறோம்.

சிலர் யாரையோ பிடித்து ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோட்டீஸால் ஒரு ரூபாய் கடன்கூடத் தீராது. மனு போட்டதாலும் தீராது. கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்தாலும் தீராது. கடைசியில் டிஸ்சார்ஜ் என்ற விடுவிப்பு உத்தரவு வாங்கினால்தான் தீரும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், பாதி வழியில் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை இல்லாதவர் ஐ.பி. போடலாமா?

போடலாம். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இதற்கான சட்டம் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கடனை அடைக்க முடியாத நிலையில் இருக்க வேண்டும், அதோடு மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும் என்கிறது அதன் 10-வது பிரிவு. கடன் ஐந்நூறு ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பணத்துக்கான டிக்ரியில் (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பில்) நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு டிக்ரியில் உங்கள் சொத்து ஜப்தியாகி அந்த உத்தரவு நடப்பில் இருக்க வேண்டும். 1920-ல் ஐந்நூறு பெரிய தொகை, இன்றும் சட்டத்தில் அதே தொகைதான். வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் தகுதியில் வராது. அடைக்க முடியவில்லை என்பதைக் காட்டும்போது, வேலை போனது உங்கள் முக்கியமான சாட்சியாகும். ரிலீவிங் லெட்டர், கடைசிச் சம்பளச் சீட்டு, சம்பளம் நின்ற மாதத்தைக் காட்டும் பாஸ்புக் பக்கம் இவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

வக்கீல் இல்லாமல் நிஜமாகவே முடியுமா?

தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. கோர்ட்டில் இதைப் பார்ட்டி இன் பெர்சன் என்பார்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழுவோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ இருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு, வேலை இல்லாதவர் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். நான் இதைத் தெரிந்துகொண்டது மனு போட்டு ஐந்து மாதம் கழித்துத்தான். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாய்தா மிச்சமாகியிருக்கும்.

எந்தக் கோர்ட்டில் போடுவது?

நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம் எந்த சப் கோர்ட் எல்லையில் வருகிறதோ அங்கே. ஆதாரில் சொந்த ஊர் முகவரி, குடியிருப்பது வேறு ஊர் என்றால் வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும். சென்னை நகரத்துக்கு வேறு சட்டம், 1909-ஆம் ஆண்டுடையது. அங்கே உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நடைமுறையும் கடினம், அதனால் சென்னைக்காரர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் போவதே நல்லது.

மனுவில் என்னென்ன எழுத வேண்டும்?

இதில்தான் முழு உழைப்பும் இருக்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-வது பிரிவு கேட்பவற்றை எல்லாம் எழுத வேண்டும். கடனை அடைக்க முடியவில்லை என்ற வாசகம், எங்கே குடியிருக்கிறீர்கள், யார் யாருக்கு எவ்வளவு கடன், அவர்கள் பெயர், முகவரி, உங்கள் சொத்துகள், அவற்றின் மதிப்பு, அவை இருக்கும் இடம், சட்டம் விலக்கு அளித்தவை போக மற்றதைக் கோர்ட் வசம் ஒப்படைக்கத் தயார் என்ற உறுதி, இதற்கு முன் ஐ.பி. போட்டதுண்டா என்ற விவரம். கடைசியில், எழுதியதெல்லாம் உண்மை என்று சொல்லும் சரிபார்ப்புப் பகுதியில் இடமும் தேதியும் எழுதிக் கையெழுத்து.

கடன் பட்டியலை ஏ செட்யூல், சொத்துப் பட்டியலை பி செட்யூல் என்று தனித்தனியாகப் போடுவது வழக்கம். கடன் பட்டியலுக்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒருவருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கினேன். வாங்கிய தேதி, வாங்கிய தொகை, கட்டியது, பாக்கி, கையில் உள்ள காகிதம், ஜாமீன் போட்டவர் யார் என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்று நாள் ஆனது. கைமாற்று வாங்கிய ஐயாயிரமும் கடன்தான், மொபைல் ஆப்பில் வாங்கியதும் கடன்தான். மச்சான்தானே, சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களை எழுதினால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். நீங்கள் பட்டியலில் சேர்க்காமல் மறைத்த கடன் டிஸ்சார்ஜ் சமயத்தில் உங்களுக்கே எதிராக நிற்கும்.

சொத்து "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். பழைய டூவீலர், செல்போன், வங்கியில் உள்ள நானூறு ரூபாய், எல்.ஐ.சி. பாலிசி, பி.எஃப்., அப்பா பெயரில் உள்ள நிலத்தில் உங்களுக்குப் பங்கு வந்திருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதி, விலக்கு உள்ளவற்றுக்குப் பக்கத்திலேயே விலக்கு என்று குறியுங்கள்.

தாக்கல் செய்யும் நாளில் என்ன நடக்கும்?

அன்றே ஜட்ஜ் முன் நிற்கப் போவதாக நினைத்து நான் வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். மனுவை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது மனு ரிட்டர்ன் ஆகியிருந்தது. முதுகுப் பக்கத்தில் சிவப்பு மையில் நான்கு குறைகள்: கடன் கொடுத்தவர்களில் இருவருக்குக் கதவு எண் இல்லை, சரிபார்ப்பில் இடம் எழுதவில்லை, பி செட்யூலில் வண்டிக்கு மதிப்பு இல்லை, எதிர்மனுதாரர்கள், அதாவது கடன் கொடுத்தவர்கள் எண்ணிக்கைக்கு நகல் குறைவு. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு டைப்பிஸ்ட் அம்மா, "தம்பி, வக்கீலுங்க போடறதே ரெண்டு மூணு தடவை ரிட்டர்ன் ஆகும், கெடுவுக்குள்ள சரி பண்ணிப் போடு" என்றார்.

அதேதான். ரிட்டர்ன் என்பது தள்ளுபடி ஆகாது. குறித்த கெடுவுக்குள் சரிசெய்து மறுபடி கொடுத்தால், மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணையும், வழக்கைக் கணினியில் தேட உதவும் சி.என்.ஆர். எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். போட்டால் அடுத்த வாய்தா தெரியும்.

செலவு எவ்வளவு ஆகும்?

மனுவுக்கான கோர்ட் பீஸைவிட மற்றவைதான் கையைக் கடிக்கும். டைப்பிங், ஒவ்வொருவருக்கும் நகல், நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா என்ற கட்டணம், நோட்டீஸ் திரும்பி வந்தால் நாளிதழ் விளம்பரம். விளம்பரச் செலவைக் குறைக்க ஒரே வழி, முகவரிகளைச் சரியாக எழுதுவது. "ஐ.பி. முடிச்சுத் தர்றோம், மொத்தமா இவ்வளவு" என்று கேட்கும் புரோக்கர்களிடம் போகாதீர்கள். பெரும்பாலும் நோட்டீஸோடு காணாமல் போவார்கள்.

மனு போட்டதும் கடன் கேட்டு வருவது நின்றுவிடுமா?

உடனே நிற்காது. திவால் என்று அறிவித்த பிறகுதான், பட்டியலில் உள்ள கடனுக்காகக் கோர்ட் அனுமதியின்றி உங்கள் மீதோ சொத்து மீதோ தனியாக நடவடிக்கை எடுக்க முடியாது. வேறு கோர்ட்டில் உங்கள் மீது வழக்கு நடந்தால், அறிவிப்பு வந்ததை அங்கே தெரிவியுங்கள். அந்த வழக்கை நிறுத்தி வைக்கலாம், அல்லது நிபந்தனையோடு நடத்தலாம்.

வங்கியின் வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது. உறவினருக்கு, பழைய அலுவலகத்துக்குப் போன் போட்டு அவமானப்படுத்துவதும் கூடாது. நேரம், எண், பேசியது எல்லாம் குறித்து முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. மீட்டர் வட்டி, கந்து வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, அது போலீஸ் விஷயம். ஐ.பி. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஜெயிலுக்குப் போக நேருமா?

கடனை அடைக்க முடியாமல் போனது குற்றம் ஆகாது. டிக்ரி இருந்தாலும், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் இதைத் தெளிவாக எழுதினார், வறுமைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது என்று. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. திவால் அறிவிப்புக்குப் பின், கைதிலிருந்து பாதுகாப்பு கேட்டும் மனு கொடுக்கலாம்.

ஆனால் செக் கொடுத்திருந்தால் கதை வேறு. செக் திரும்பிய வழக்கு கிரிமினல் வழக்கு, ஐ.பி. அதைத் தடுக்காது. இரண்டு வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு. அந்த சம்மனை மட்டும் ஒரு நாளும் அலட்சியப்படுத்தாதீர்கள், அதற்குக் கட்டாயம் இலவச வக்கீல் கேளுங்கள்.

வீடு, நகை, பி.எஃப். எல்லாம் போய்விடுமா?

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப். கணக்கில் உள்ள பணம் இவற்றைத் தொட முடியாது. விவசாயியோ தொழிலாளியோ தான் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில் விலக்கு உண்டு. என்னைப் போல ஆபீஸ் வேலை பார்த்தவருக்கு அந்த விலக்கு கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். சொந்த வீடு இருந்தால் மனு போடும் முன்பே வக்கீலைப் பாருங்கள்.

மனைவிக்கு அவர் பெற்றோர் போட்ட நகை மனைவியுடையது, உங்கள் பட்டியலில் வராது. ஆனால் கடன் நெருக்கியபோது வீட்டை மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ தானமாக எழுதிவைத்தவர்கள் கவனிக்க வேண்டும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் நடந்த அப்படிப்பட்ட மாற்றங்களைக் கோர்ட் ரத்து செய்யலாம். ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடைசி மூன்று மாதத்துக்குள் கடனைத் திருப்பியிருந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும். மறைத்தது நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறை என்கிறது 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-வது பிரிவு.

எந்தக் கடன் தீராது?

அடமானக் கடன். வீட்டுக் கடனுக்கு வீடும், நகைக் கடனுக்கு நகையும் வங்கியின் பிடியில்தான் இருக்கும். அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், மனைவி மக்களுக்குக் கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சமும் டிஸ்சார்ஜ் ஆனாலும் தீராது.

எனக்கு ஜாமீன் போட்டவர் கதி?

வருத்தமான பதில்தான். உங்களுக்குக் கிடைக்கும் விடுவிப்பு அவருக்குக் கிடைக்காது. சீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட நண்பர், கல்விக் கடனில் சேர்ந்து கையெழுத்திட்ட அப்பா, இவர்கள் மீது முழுத் தொகைக்கும் வரலாம். மனு போடும் முன் அவர்களை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். என் சீட்டுக்கு ஜாமீன் போட்டவரிடம் நான் சொல்லாமல் விட்டேன். நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

விசாரணையில் என்ன கேட்பார்கள்?

கடன் வாங்கிய பணம் எங்கே போனது என்பதுதான் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. ஆஸ்பத்திரி பில், ஸ்கூல் பீஸ் ரசீது, வாடகை, வட்டி கட்டிய விவரம் என்று கையில் இருந்தால் குரல் நடுங்காது. கடனாளி போட்ட மனுவில், அடைக்க முடியவில்லை என்பதற்கு முதல் பார்வையில் போதுமான ஆதாரம் இருந்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெயர் கூப்பிடும்போது வராந்தாவில் இருங்கள், டீக்கடையில் இருக்க வேண்டாம். ஆள் இல்லையென்றால் மனு டிஃபால்ட்டில், அதாவது ஆஜராகவில்லை என்று தள்ளுபடியாகிப் போய்விடும்.

டிஸ்சார்ஜ் என்கிறீர்களே, அது எப்போது?

திவால் என்று அறிவிக்கும் உத்தரவிலேயே, டிஸ்சார்ஜுக்கு எத்தனை காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கோர்ட் ஒரு கெடு குறிக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். உத்தரவு வந்துவிட்டது, நிம்மதி என்று வீட்டுக்குப் போனவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் 43-வது பிரிவில் அறிவிப்பே ரத்தாகும். பழைய கடன் எல்லாம் உயிரோடு திரும்பி வரும், கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி மனு போடவும் முடியாது. கெடு போதாது என்றால் முன்கூட்டியே நீட்டிப்புக் கேட்கலாம்.

இடைப்பட்ட காலத்தில் உங்கள் சொத்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் பொறுப்பில் இருக்கும். அவர் கேட்கும் காகிதத்தைக் கொடுங்கள், கூப்பிட்டால் போங்கள். டிஸ்சார்ஜ் கட்டத்தில் அவர் அறிக்கைக்கு மதிப்பு அதிகம். கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதி அளவுக்குக்கூடச் சொத்து தேறவில்லை என்றால் முழு விடுவிப்பு மறுக்கப்படலாம். ஆனால் அந்த நிலை உங்கள் தவறால் வந்ததில்லை என்று கோர்ட்டுக்குப் பட்டால் தரலாம். கம்பெனி மூடியதற்கான காகிதம், வேலை தேடி அனுப்பிய விண்ணப்பங்கள், மருத்துவச் செலவு இவை எல்லாம் எனக்கு உதவியது இந்த இடத்தில்தான். சூதாட்டம், ஊதாரித்தனம், திருப்பித் தர வழியே இல்லாதபோது வாங்கிய கடன் இவை எதிராக நிற்கும். ஆன்லைன் ரம்மியில் விட்ட பணம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும், அதை மறைக்க நினைக்காதீர்கள்.

நடுவில் வேலை கிடைத்தால்?

சேருங்கள், ரிசீவரிடம் சொல்லுங்கள். பின்னால் வரும் சம்பளத்தில் ஒரு பகுதி கட்டும்படி நிபந்தனையோடு விடுவிப்பு தரவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் முன் உங்களுக்கு வந்து சேரும் சொத்தும் ரிசீவரிடம்தான் போகும். அப்பா காலமாகி அவர் நிலத்தில் பங்கு வந்தால் அதுவும்தான். டிஸ்சார்ஜ் ஆகாதவர் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால்கூடத் தன் நிலையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது, கம்பெனி இயக்குநராகவும் முடியாது. தனியார் வேலைக்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை.

புதுச் சட்டம் வந்துவிட்டதாமே?

2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி இருக்கிறது. வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக உள்ளவருக்குச் சின்னக் கடன்களிலிருந்து புதுத் தொடக்கம் தரும் வழியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே அமலானது. நம்மைப் போன்றவர்களுக்கு முன்பே சொன்ன பழைய சட்டம்தான். அமெரிக்காவில் நான்கைந்து மாதத்தில் கார்டு கடன் தீர்ந்துவிடுகிறது என்று காணொளி பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே அதற்கென்றே அச்சிட்ட படிவங்கள், தனி கோர்ட் எல்லாம் இருக்கின்றன. இங்கே வருடக்கணக்கு.

எல்லோரும் ஐ.பி. போட வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு கார்டு, ஒரு ஆப் கடன் என்றால் ஒரு தொகை பேசி ஒரே தடவையில் முடிக்கும் ஒன் டைம் செட்டில்மென்ட்டை வங்கியிடம் கேளுங்கள், அல்லது லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடியுங்கள். முடிந்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள். பல பேரிடம் கடன், வருமானம் அறவே இல்லை, அடகு வைக்க எதுவும் மிச்சமில்லை என்பவருக்குத்தான் ஐ.பி. பொருந்தும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவன் என்றால் ஏமாற்றுக்காரன் என்றுதான் ஊர் நினைக்கிறது, அந்தப் பெயர் மனைவிக்கும் சேர்த்துத்தானே வரும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் வாயால் சொல்லத் தெரியாமல், அந்த நாற்பது பக்க நோட்டை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து நோட்டோடு வந்தாள். அவளுக்குத் தெரியாத கடன் இரண்டு அதில் இருந்தது. அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எங்க சித்திகிட்ட பதினஞ்சாயிரம் வாங்கினோமே, அத எழுதலியே" என்றாள். புதுப் பக்கம் திருப்பி அவளே எழுதினாள், கதவு எண்ணோடு.